மரபணு மாற்றிய சுண்டெலி: முதல் யோசனை முதல் உறைகலம் வரை, முழுமையான வழிகாட்டி

மரபணு மாற்றிய சுண்டெலி என்றதும் நுண்ணோக்கியும் கண்ணாடி ஊசியும்தான் பலருக்கு மனக்கண்ணில் வரும். அந்த வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். ஆராய்ச்சி தேறுமா தேறாதா என்பது அப்புறம் வரும் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் தெரியும். எந்தக் குட்டி எந்த ஜோடிக்குப் பிறந்தது, எந்தக் காதில் துளை, எதை எதோடு சேர்த்தோம் என்ற கணக்கு அது. நான் பார்த்தவரை, கருமுட்டையில் கெட்ட சோதனைகளைவிட, கூண்டில் தொங்கும் விவர அட்டையில் கெட்ட சோதனைகளே அதிகம். அதனால் இங்கே ஊசிக்குக் கொஞ்சம் இடம், அட்டைக்கு நிறைய இடம்.

புதிதாக உருவாக்கத்தான் வேண்டுமா?

முதல் படி கணினி முன்னால். உங்களுக்கு வேண்டிய எலி ஏற்கெனவே எங்காவது உறைந்த விந்தாகக் கிடக்க வாய்ப்பு அதிகம். மவுஸ் ஜீனோம் இன்ஃபர்மேட்டிக்ஸ் தரவுத்தளத்தில் ஜீனின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம், ஐரோப்பாவின் எம்மா, ஜப்பானின் ரைக்கென் போன்ற சேமிப்பகங்களில் ஆயிரக்கணக்கான வகைகள் இருக்கின்றன. இருப்பதை வாங்கினால் பணம், மாதங்கள், எலிகளின் உயிர் மூன்றும் மிச்சம்.

அடுத்த கேள்வி இன்னும் கடினம்: இந்த நோய் சுண்டெலியில் தெரியுமா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோய்க்கான முதல் எலிகள் 1992-இல் வந்தன. மனிதர்களை வாட்டும் நுரையீரல் நோய் அவற்றில் சரியாக வரவேயில்லை. குடல் அடைப்பில் செத்தன. ஜீன் ஒன்றுதான், உடல் வேறு. உங்கள் ஜீன் எலியில் எந்தத் திசுவில் வேலை செய்கிறது, அதே வேலையைப் பார்க்கும் அண்ணன் தம்பி ஜீன் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதோடு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் வேண்டும். விலங்குக்குப் பதில் வேறு வழி இருந்தால் அதை எடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் சொன்ன மூன்றைத்தான் குழு கேட்கும். ‘எத்தனை எலி’ என்ற கட்டத்தில் சோதனைக்கு வேண்டிய எலிகளை மட்டும் எழுதிவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. வேண்டாத ஜீனோடைப்போடு (ஜீனின் இரண்டு நகல்களில் எத்தனை மாறியது என்ற நிலை) பிறக்கும் குட்டிகளும் அந்தக் கணக்கில் சேரும். அந்த எண்ணிக்கை எப்படி வருகிறது என்று கீழே பார்ப்போம்.

என்ன மாற்றம், எந்த இடத்தில்?

1980-இல் கார்டனும் ரடிலும் கருமுட்டையின் உட்கருவுக்குள் டி.என்.ஏ.வை ஊசியால் செலுத்திக் காட்டினார்கள். அந்த முறையில் ஜீன் எங்கே போய் ஒட்டும், எத்தனை நகல் ஒட்டும் என்பது நம் கையில் இல்லை. 80-களின் கடைசியில், எந்தத் திசுவாகவும் வளரக்கூடிய கருத் தண்டு செல்களை வைத்துக் குறிப்பிட்ட ஜீனை மட்டும் அணைக்க முடிந்தது. கப்பெக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007-இல் நோபல் கிடைத்தது அதற்குத்தான். 2013-இலிருந்து கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் முறை வந்து, கருமுட்டையிலேயே நேரடியாக வெட்டலாம் என்றாகிவிட்டது. கருத் தண்டு செல் வழி ஓராண்டுக்கு மேல் இழுக்கும். கிரிஸ்பரில் சில மாதங்களில் மூல எலி, அதாவது மாற்றத்தோடு பிறந்த முதல் எலி, கையில் இருக்கும்.

ஜீனை அணைப்பதுதான் நோக்கம் என்றால் நாக்அவுட். நோயாளியின் டி.என்.ஏ.வில் காணும் ஒற்றை எழுத்து மாற்றத்தையே எலியில் கொண்டுவர நாக்இன். கல்லீரலில் மட்டும், அல்லது வளர்ந்த பிறகு மட்டும் அணைக்க நிபந்தனை நாக்அவுட். அதைத் தனியாகப் பார்ப்போம்.

நாக்அவுட் வடிவமைப்பில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அந்த ஜீனின் எல்லா ஆர்.என்.ஏ. வடிவங்களிலும் வருகிற ஒரு எக்சானை (புரதத்துக்கான குறிப்பு உள்ள ஜீன் துண்டு) தேர்ந்தெடுங்கள். வரிசை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், அதன் நீளம் 3-ஆல் வகுபடக் கூடாது. வகுபட்டால், எக்சானை நீக்கினாலும் மீதி வரிசை பிசகாமல் ஓடி, கொஞ்சம் குட்டையான, அரைகுறையாக வேலை செய்யும் புரதம் வந்துவிடும். எக்சானுக்கு இரு பக்கத்து இன்ட்ரான்களிலும் (எக்சான்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்), வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் ஒவ்வொரு வழிகாட்டி ஆர்.என்.ஏ. வைத்து முழுவதையும் வெட்டி எடுப்பதையே நான் விரும்புவேன். ஒற்றை வெட்டில் வரும் இரண்டு மூன்று எழுத்து மாற்றத்தை, டி.என்.ஏ. துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் பார்க்க முடியாது. ஒவ்வொரு குட்டிக்கும் வரிசை படிக்க வேண்டிவரும். சில நூறு எழுத்துகள் போனால் ஜெல்லிலேயே பட்டை கீழே இறங்கித் தெரியும். பின்னால் ஆயிரம் குட்டிகளைச் சோதிக்கப் போகிறவருக்கு இது பெரிய நிம்மதி.

எந்த இனத்து எலி என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பெரும்பாலோர் எடுப்பது சி57பிஎல்/6 என்ற கறுப்பு எலி, பேச்சுவழக்கில் பிளாக் சிக்ஸ். அதிலும் ஜே, என் என்று இரண்டு கிளைகள், 1951-இல் பிரிந்தவை. ஜே கிளையில் என்.என்.டி. என்ற ஜீன் பழுது, அதனால் சர்க்கரையைக் கையாளும் விதத்தில் வேறுபாடு. என் கிளையில் சி.ஆர்.பி.1 ஜீன் பழுது, விழித்திரை கெடும். நீரிழிவு ஆராய்ச்சியில் மாற்றிய எலி ஒரு கிளை, ஒப்பீட்டுக்கு வாங்கியது இன்னொரு கிளை என்றால், உங்கள் ஜீன் செய்ததாக நினைப்பதைக் கிளை செய்திருக்கும். அட்டையில் வெறுமனே ‘பி6’ என்று எழுதாதீர்கள்.

கருமுட்டையிலிருந்து குட்டி வரை

இந்தக் கட்டத்தில் கடிகாரம்தான் முதலாளி. 3 முதல் 4 வாரமான பெண் எலிகளுக்கு, நிறைய முட்டை வளர, பி.எம்.எஸ்.ஜி. ஹார்மோன் 5 அலகு. 46 முதல் 48 மணி நேரம் கழித்து, முட்டை வெளிவர, எச்.சி.ஜி. ஹார்மோன் 5 அலகு, அன்றிரவே ஆணோடு சேர்ப்பு. மறுநாள் காலை வாலை மெல்லத் தூக்கிப் பார்த்தால், சேர்ந்த பெண்ணில் வெளிர் நிறத்தில் கெட்டியான அடைப்பு தெரியும். விந்துத் திரவம் உறைந்தது. எல்லோரும் பிளக் என்பார்கள். மதியம் வரை சாவகாசமாக இருந்தால் உதிர்ந்துவிடும், சீக்கிரம் பார்த்துவிடுங்கள். அந்த நாள் 0.5 நாள் கரு என்று கணக்கு.

அன்றைக்கே கருக்குழாயின் புடைத்த பகுதியைக் கிழித்தால், மேகம் போன்ற செல்கூட்டத்துக்குள் கருமுட்டைகள் வெளியே வரும். ஹையாலுரோனிடேஸ் நொதியில் சில நிமிடம் வைத்தால் மேகம் கலைந்து முட்டைகள் தனித்தனியாக உருளும். அதிக நேரம் விட்டால் முட்டை கெடும். இரண்டு உட்கருக்கள் தெரிபவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் கழுவி, 37 டிகிரியில் 5 சதவீதக் கரியமில வாயுவில் வைக்க வேண்டும்.

முன்பு ஒவ்வொரு முட்டையையும் பிடித்து ஊசி போட வேண்டியிருந்தது. கை பழக மாதக்கணக்காகும். இப்போது எளிய நாக்அவுட்டுக்கும் சிறிய மாற்றங்களுக்கும் மின்துடிப்பு முறையே போதும். டி.என்.ஏ.வை வெட்டும் காஸ்9 புரதமும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வும் கலந்த துளியில் 30, 40 முட்டைகளை இரண்டு மின்முனைகளுக்கு நடுவே வரிசையாக வைத்துத் துடிப்பு கொடுத்தால் சவ்வு திறந்து உள்ளே போய்விடும். நீளமான ஜீனை நுழைக்க வேண்டுமென்றால் இன்னும் ஊசிதான் கைகொடுக்கும்.

மறுநாள் இரண்டு செல்லாகப் பிளந்த கருக்களை வாடகைத் தாய்க்கு மாற்ற வேண்டும். வாசெக்டமி செய்த (விந்துக்குழாய் வெட்டிய) ஆணோடு சேர்ந்து, கருவே இல்லாமல் சினைக்குத் தயாரான பெண் அது. இங்கே ஒரு பழைய தந்திரம் உண்டு. வாடகைத் தாயும் வாசெக்டமி ஆணும் வெள்ளை இனமாக இருக்கட்டும், கரு கறுப்பு இனத்துடையதாக இருக்கட்டும். பிறந்த அன்றே, ரோமம் முளைக்கும் முன்பே, பிளாக் சிக்ஸ் குட்டியின் மூடிய இமைக்குள் கரும்புள்ளியாகக் கண் தெரியும். வெள்ளை இனக் குட்டியில் அது தெரியாது. ஈற்றில் ஒன்றுக்கு அந்தப் புள்ளி இல்லையென்றால் உங்கள் வாசெக்டமி ஆண் உண்மையில் மலடு இல்லை என்று அர்த்தம்.

வாடகைத் தாய்க்குள் வைத்த கருக்களில் பாதிகூடப் பிறக்காது, அது இயல்புதான். சினைக்காலம் 19 முதல் 21 நாள்.

மூல எலியை நம்பாதீர்கள்

பிறந்த குட்டிகளில் மாற்றம் இருக்கிறது என்று ஜெல் சொன்னதும் கொண்டாட்டம் தொடங்கிவிடும். கொஞ்சம் பொறுங்கள். காஸ்9 ஒரு செல் கட்டத்தோடு வேலையை நிறுத்துவதில்லை. இரண்டு, நான்கு செல் ஆன பிறகும் வெட்டும். அதனால் மூல எலி ஒரு மொசைக். காதில் ஒரு மாற்றம், விரையில் வேறொன்று, கல்லீரலில் ஒன்றுமே இல்லை என்றுகூட இருக்கும். மூல எலியை வைத்துச் சோதனை செய்யவே கூடாது.

அதைச் சாதாரண பிளாக் சிக்ஸோடு சேர்த்து, அடுத்த தலைமுறைக் குட்டியில் வெட்டிய இடத்தை வரிசை படியுங்கள். அந்தக் குட்டியில் ஒரு குரோமோசோம் சாதாரணமானது, இன்னொன்றில் ஒரே ஒரு தெளிவான மாற்றம். வரிசையை முழுதாக எழுதி, அந்த மாற்றத்துக்குத் தனிப் பெயர் வைத்து, ஒரே மாற்றத்தின் வாரிசுகளை மட்டும் தொடருங்கள். முடிந்தால் இரண்டு மூல எலிகளிலிருந்து இரண்டு தனிக் கிளைகள் வைத்திருங்கள். இரண்டிலும் ஒரே நோய்க்குறி வந்தால், வேறெங்கோ தவறி விழுந்த வெட்டு காரணமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். சாதாரண எலியோடு இரண்டு தலைமுறை சேர்த்தாலே அப்படிப்பட்ட வெட்டுகள் பெரும்பாலும் கழன்றுவிடும்.

வேறு இனத்தில் உருவான எலி வந்து சேர்ந்தால் கதை வேறு. பிளாக் சிக்ஸ் பின்னணிக்குக் கொண்டுவர 10 தலைமுறை பின்கலப்பு (பிளாக் சிக்ஸோடே திரும்பத் திரும்பச் சேர்ப்பது) வேண்டும், ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. மரபுக் குறியீடுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் 5 தலைமுறையில் முடியும். ஒரு தடவையாவது பிளாக் சிக்ஸ் ஆணைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒய் குரோமோசோம் பழைய இனத்துடையதாகவே நின்றுவிடும்.

ஜீனோடைப்: ஜெல்லும் காதும்

காதில் சின்னத் துளை போட்டால் அந்தத் துணுக்கே டி.என்.ஏ.வுக்கும் ஆகும், துளையின் இடமே எலியின் எண்ணாகவும் ஆகும். வால் நுனி வெட்டுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். துணுக்கை புரோட்டினேஸ் கே நொதியில் 55 டிகிரியில் கரைத்து, டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் பி.சி.ஆர். போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாமல் விழும் குழி வேறு. வெட்டிய பகுதிக்கு வெளியே இரண்டு பிரைமர் (பெருக்கல் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ.) மட்டும் வைத்தால், குட்டையான மாற்றப் பட்டை சுலபமாகப் பெருகி, நீளமான சாதாரணப் பட்டையை அமுக்கிவிடும். ஒரு நகல் மட்டும் மாறிய எலி, இரண்டு நகலும் மாறியதுபோல் ஜெல்லில் நிற்கும். வெட்டிய பகுதிக்கு உள்ளேயும் மூன்றாவதாக ஒரு பிரைமர் வைத்தால் இந்தத் தொல்லை தீரும். ஒவ்வொரு ஜெல்லிலும் ஏற்கெனவே தெரிந்த மூன்று ஜீனோடைப்புகளும் வெறும் தண்ணீரும் ஓட வேண்டும். தண்ணீர்க் குழியில் பட்டை தெரிந்தால் அந்த ஜெல்லைத் தூக்கிப் போடுங்கள், வாதாட வேண்டாம்.

இப்போது காது. ஒரு சமயம் எங்கள் கூண்டு ஒன்றில், வைல்டு டைப் (மாற்றம் இல்லாதது) என்று அட்டையில் இருந்த ஜோடிக்கு மாற்றம் கொண்ட குட்டிகள் பிறந்தன. பி.சி.ஆரைத் திரும்பத் திரும்பப் போட்டோம். அதில் பழுதே இல்லை. கடைசியில் பார்த்தால், ஒருவர் எலியின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு இடது காது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் பின்பக்கமிருந்து பார்த்து இடது காது என்று படித்திருக்கிறார். எலியின் இடது எது, பார்ப்பவரின் இடது எது என்று யாரும் பேசி வைக்கவில்லை. இரண்டு மாத வேலை போனது. அன்றிலிருந்து அறைச் சுவரில் ஒரு எலி முகம் வரைந்து இடது, வலது எழுதி ஒட்டியிருக்கிறோம். அதோடு, சோதனை முடிந்து எலியைக் கருணையுடன் முடிக்கும்போது ஒரு துணுக்கை எடுத்து மறுபடி ஜீனோடைப் செய்கிறோம். அலுப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத முடிவை இப்போது நான் நம்புவதில்லை.

அட்டையில் இருக்க வேண்டியவை: வகையின் முழுப் பெயர், எலி எண், பிறந்த தேதி, பால், தாய் தந்தை எண், ஜீனோடைப், அனுமதி எண். கணினியிலும் அதே விவரம் அதே நாளில் ஏற வேண்டும். ‘சாயங்காலம் ஏற்றிக்கொள்ளலாம்’ என்று தள்ளியது எல்லாம் மறுவாரம்தான் ஏறும்.

எத்தனை குட்டி வேண்டும்?

சோதனைக்கு இரண்டு நகலும் மாறிய 10 ஆண் எலிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நகல் மாறிய ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் நான்கில் ஒன்று நமக்கு வேண்டியது. அதில் பாதிதான் ஆண். எட்டில் ஒன்று. ஆக 80 குட்டி. ஈற்றுக்கு 6, 7 குட்டி என்றால் 12, 13 ஈற்று. எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதில் வேண்டுமென்றால் ஒரே வாரத்தில் அத்தனை ஈற்றும் விழ வேண்டும். அதற்கு 20 ஜோடியாவது வேண்டும், எல்லாப் பெண்ணும் ஒரே சமயத்தில் சினைப்படாது. நெறிமுறைக் குழுவிடம் சொல்ல வேண்டிய எண்ணிக்கை இப்படித்தான் பெருகுகிறது. ஆண்களை மட்டும் வைத்து ஏன் செய்ய வேண்டும் என்று இந்த இடத்தில் யோசித்தால் பாதி எலிகள் வீணாகாது.

ஒப்பீட்டுக்கு அதே ஈற்றில் பிறந்த வைல்டு டைப்பைத்தான் எடுக்க வேண்டும். கடையில் வாங்கிய எலி வேறு தாய், வேறு குடல் கிருமி, வேறு அறை.

20 குட்டி டைப் செய்தும் இரண்டு நகலும் மாறியது ஒன்றுகூட வரவில்லையா? அது வெறும் தற்செயலாக இருக்க ஆயிரத்தில் 3 வாய்ப்புதான். அந்த ஜீன் இல்லாமல் கரு பிழைப்பதில்லை என்று சந்தேகியுங்கள். நாக்அவுட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் பிறக்கும் முன்பே சாகும், அல்லது எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பிழைக்கும். 9.5, 12.5 நாள் கருக்களை எடுத்துப் பார்த்தால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியும்.

நிபந்தனை நாக்அவுட்டின் பொறிகள்

அப்படிச் சாகிற ஜீனுக்குத்தான் கிரே-லாக்ஸ் முறை. லாக்ஸ்பி என்பது 34 எழுத்து நீளம். முக்கிய எக்சானின் இரு பக்கமும் ஒவ்வொன்றை வைத்த எலியை ஃப்ளாக்ஸ் எலி என்போம். கிரே நொதி எந்தத் திசுவில் உண்டாகிறதோ அங்கே மட்டும் நடுப்பகுதி வெட்டுப்படும். கேட்க அழகாக இருக்கும்.

நடைமுறையில், கிரே எப்போதாவது விந்துசெல்லிலோ முட்டையிலோ விழித்துக்கொள்ளும். அப்படி நடந்தால் அடுத்த தலைமுறையில் அந்த நகல் உடம்பு முழுக்க அணைந்திருக்கும். கல்லீரல் நாக்அவுட் என்று நினைத்துக்கொண்டு முழு உடல் நாக்அவுட்டை ஆராய்ந்துகொண்டிருப்பீர்கள். காது டி.என்.ஏ.விலேயே ‘வெட்டுப்பட்ட’ பட்டையைத் தேடும் பிரைமரையும் சேர்த்து ஓட்டினால் பிடித்துவிடலாம். காதில் கிரே வேலை செய்யாத வகையாக இருந்தால் அந்தப் பட்டை வரவே கூடாது. இன்னொன்று, கிரே மட்டும் உள்ள எலிகளும் ஒப்பீட்டில் இருக்க வேண்டும். நரம்பு மண்டலத்தில் வெட்டுவதற்கான நெஸ்டின்-கிரே எலிகள் ஃப்ளாக்ஸ் எதுவும் இல்லாமலேயே உடல் சிறுத்திருக்கும். டமாக்சிஃபென் கொடுத்து இயக்கும் வகை என்றால், ஒப்பீட்டு எலிகளுக்கும் அதே மருந்து, அதே அளவு.

கூண்டுக்குள்

அறை 20 முதல் 26 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 70 சதவீதம், 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு. இது மனிதருக்கு இதமான வெப்பம். சுண்டெலிக்கு இதமானது 30-ஐ ஒட்டி. அதனால் கூடு கட்டத் தாளோ பஞ்சோ கட்டாயம் கொடுங்கள். நல்ல கூடு கட்டாமல் மூலையில் சுருண்டிருக்கும் எலி உங்களிடம் ஏதோ சொல்கிறது.

இனப்பெருக்கத்தில் மூக்கின் ராஜ்ஜியம். பெண்களை மட்டும் கூட்டமாக வைத்தால் பருவச் சுழற்சி மந்தமாகும். ஆணின் சிறுநீர் வாடை பட்டதும் மூன்றாம் நாளில் பலவும் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். ஆகவே சேர்ப்பதற்கு மூன்று நாள் முன்பே ஆணின் அழுக்குப் படுக்கையில் ஒரு கைப்பிடி பெண் கூண்டில் போட்டுவையுங்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பக்கத்தில் வேறொரு அந்நிய ஆணை வைத்தால் சினை கலைந்துவிடலாம். பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள், மறுபடி மாற்றாதீர்கள். ஈன்ற முதல் சில நாள் கூண்டைக் கிளறவேண்டாம். கலவரப்பட்ட தாய் குட்டிகளைத் தின்றுவிடும். ஈன்ற 24 மணி நேரத்துக்குள்ளேயே அது மறுபடி சினைப்படலாம் என்பதால், முதல் ஈற்றை 21 நாளில் பிரிக்காவிட்டால் இரண்டு ஈற்றும் ஒரே கூண்டில் நெரியும். பிரிக்கும்போதே ஆண் பெண் பார்த்து வைத்துவிடுங்கள். வளர்ந்த அந்நிய ஆண்களை ஒன்றாகப் போட்டால் காலையில் ரத்தம்தான் பார்ப்பீர்கள்.

வாலைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விடுங்கள். குழாய்க்குள் நுழையவிட்டோ இரு கைகளையும் குவித்தோ எடுத்தால் எலியின் பதற்றம் குறைகிறது என்று 2010-இலேயே காட்டிவிட்டார்கள். நடத்தைச் சோதனை செய்பவருக்கு இது கருணை மட்டுமில்லை, தரவின் தரமும்கூட.

வலியைக் கண்ணில் பார்க்கலாம்: இமை இறுகும், மூக்கும் கன்னமும் புடைக்கும், காது பின்னால் மடியும், மீசை விறைக்கும். எந்தக் குறி தெரிந்தால் சோதனையை நிறுத்தி எலியை முடிப்போம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 20 சதவீத எடை இழப்பு பலர் வைக்கும் எல்லை. எடை குறையத் தொடங்கிய பிறகு எல்லையைத் தள்ளிப் போடும் ஆசை எல்லோருக்கும் வரும், அதற்காகத்தான் முன்பே எழுதுவது. எலியை முடிக்கக் கரியமில வாயுவைப் பயன்படுத்தினால், பச்சைக் குட்டிகள் அதை நீண்ட நேரம் தாங்கும் என்பதால் அவற்றுக்கு வேறு முறை வேண்டும்.

வெளியிலிருந்து வரும் எலி நேராக உங்கள் அறைக்கு வரக்கூடாது. தனி அறையில் வைத்து ஹெபடைடிஸ் வைரஸ், நோரோவைரஸ், ஹெலிகோபாக்டர், குடற்புழு எல்லாம் சோதித்த பிறகே உள்ளே. தொற்றுள்ள பல எலிகள் வெளியே ஆரோக்கியமாகத் தெரியும், ஆனால் அந்தத் தொற்று குடலிலோ நோயெதிர்ப்பிலோ உங்கள் முடிவுகளை மாற்றிவிடும்.

உறைய வைப்பது

தனியாக வளரும் கூட்டம் தானாகவே நகர்ந்து போகும். 20 தலைமுறை பிரிந்து வளர்ந்தால் அது ஒரு புதிய துணை இனம் என்றே கணக்கு. ஐந்து முதல் பத்துத் தலைமுறைக்கு ஒருமுறை புதிய பிளாக் சிக்ஸோடு சேர்த்துப் புதுப்பியுங்கள். அதைவிட முக்கியம், வகை உறுதியானதும் விந்தை உறைய வைப்பது. ராஃபினோஸ் சர்க்கரையும் கொழுப்பு நீக்கிய பாலும் கலந்த கரைசலில் போட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில். இரண்டு மூன்று ஆண் எலி போதும்.

2007-இல் மனித ஏஸ்2 ஜீனை (சார்ஸ் வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாயிலுக்கான ஜீன்) தாங்கிய கே18 எலியை சார்ஸ் நோய்க்காக அயோவாவில் உருவாக்கினார்கள். சார்ஸ் அடங்கியதும் தேவை போய்விட்டது. 2020-இல் அதே வாயிலில் நுழையும் கொரோனா வந்து உலகம் முழுக்க அந்த எலியைக் கேட்டபோது, உறைந்த விந்திலிருந்துதான் கூட்டத்தை மறுபடி எழுப்பினார்கள்.

உங்கள் எலிக்கு அடுத்த தேவை எப்போது வரும் என்று தெரியாது, உங்களிடமோ கூண்டு இடம் குறைவு. விந்து உறைந்ததும் கூண்டுகளைக் காலி செய்துவிடலாம் என்று தோன்றும். அதற்கு முன்னால் ஒரு குழாய் விந்தை உருக்கி, முட்டைகளோடு சேர்த்து, இரண்டு செல் கரு வருகிறதா என்று பாருங்கள். வந்த கருவை டைப் செய்து, அட்டையில் எழுதிய மாற்றம்தான் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரை ஒரு ஜோடியாவது கூண்டில் இருக்கட்டும்.